நலமான வீடுகளின் பட்டியல்

சூரியன் மூன்றாவது நாளாக வேலைக்கு வரவில்லை. அதைப் பார்த்துக் கெட்டுப்போன காற்றும் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போய்விட்டது. வங்கக் கடலில் கிளம்பிய ஒரு காற்றழுத்தத் தாழ்வு கரையேறவும் மனமில்லாமல், கலையவும் மனமில்லாமல், நான்கு தென்மாவட்டங்களின் மேல் நனைந்த சாக்கைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தது. கயத்தாற்றுக் காட்டில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் மூன்று கையையும் விரித்தபடி நின்றன. அவற்றுக்குக் கீழே பரப்பியிருந்த சூரியத் தகடுகள் மழையில் நன்றாகக் கழுவப்பட்டுப் பளபளத்தன. அன்றைக்கு அவற்றால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தக் காட்டோரத்து மின் கட்டுப்பாட்டு மையத்தின் மூன்றாவது மாடியில், சுவரளவு திரைக்கு முன்னால் பொறுப்பு அதிகாரி ஆவுடையப்பன் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, அதில் முப்பது வருஷம் மின்சாரத்தோடு குடித்தனம். கீழே வாசலில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மேடைக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: 'முந்நூற்று அறுபத்தைந்து நாள்! வெளி மின்சாரம் ஒரு யூனிட்கூட இல்லை!' அமைச்சர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். மேடைக்கு மட்டும் இருநூறு விளக்கு, எட்டு ஏசி.

"பேட்டரி எவ்வளவும்மா இருக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"பதினோரு சதவீதம் சார்." பதில் சொன்னவள் எஸ்தர் ராஜாத்தி, தூத்துக்குடிப் பெண், இளநிலைப் பொறியாளர். மையத்தில் திரையைப் பார்த்து வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் திரை பின்னணியில் வருகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "ஒன்பதத் தொட்டுச்சுன்னா பங்காளி ஒவ்வொரு வீடாக் கட் பண்ண ஆரம்பிச்சிரும். பதினொண்ணு நாப்பதுக்குத் தொட்டுரும்னு காட்டுது."

மணி பதினொன்று ஐந்து.

பங்காளி என்பது ஊர் வைத்த பெயர். அரசாணைப்படி அது 'ஒருங்கிணைந்த வட்டாரப் பசுமை மின்பகிர்வு நுண்ணறிவு அமைப்பு'. அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் முதன்மை ஆலோசகர் முனைவர் விஜயபூபதி ஒருவர்தான். அவருக்கும் நடுவில் ஒரு முறை எச்சில் விழுங்க வேண்டியிருக்கும். வெயிலும் காற்றும் தருவதை நாற்பது லட்சம் வீடுகளுக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் பங்கு பிரிப்பது அதன் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேட்டரி உண்டு. பேட்டரி வீட்டுக்காரருடையது, அதில் உள்ள மின்சாரம் எல்லோருடையது. பற்றாக்குறை வந்தால், தேவை குறைந்த வீட்டின் பேட்டரியைப் பங்காளி உறிஞ்சித் தேவை மிகுந்த வீட்டுக்குக் கொடுக்கும்; கையோடு முதல் வீட்டின் இணைப்பையும் துண்டித்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திட்டத்தை விளக்கிய கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். ஆவுடையப்பனும் தட்டினார்.

தேவை மிகுந்த வீடு எது? மூச்சு மிஷினோ டயாலிசிஸ் மிஷினோ ஓடுகிற வீடு. வாசல் மீட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் நீல விளக்கு எரியும். எரிகிற வீட்டைப் பங்காளி தொடாது. பொய்யாக அமுக்கினால் ஒரு மாதம் இணைப்பு கிடையாது. சிபாரிசுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று, மையத்திலிருந்து எந்த அதிகாரியும் எந்த வீட்டு விளக்கையும் போடவோ அணைக்கவோ முடியாதபடி பூட்டிவிட்டார்கள். விரல் அந்த வீட்டு வாசலுக்குப் போய்த்தான் அமுக்க வேண்டும். விளக்கு தெருவைப் பார்த்துப் பளிச்சென்று இருந்தால்தான் லைன்மேனுக்குத் தூரத்திலேயே தெரியும் என்று முடிவு செய்ததும், பூட்டு போடச் சொன்னதும் ஆவுடையப்பன் தலைமையிலான குழு. ஆறு பேர், ஏழு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தட்டு முந்திரி பக்கோடா.

லைன்மேன் பார்த்தாரோ இல்லையோ, மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். முதல் வருஷமே, ஜாதகத்துக்கு முன்னால் மீட்டரைப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. நீல விளக்கு எரிகிற வீட்டின் முன்னால் காரை நிறுத்துவதே இல்லை. "பரம்பரையா ஏதோ ஓடுது போலிருக்கு" என்று அடுத்த தெருவுக்கு ஓட்டிவிடுவார்கள். கல்யாணத் தரகர்கள் 'விளக்கில்லா இடம்' என்று தனிப் பட்டியலே வைத்துக்கொண்டார்கள். கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நோயாளி உள்ளேதான் இருந்தார். கல்யாணம் முடியட்டும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு அதே சமாதானம்.

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் தம் வீட்டு விளக்கைத் தம் விரலாலேயே அணைத்து அன்றோடு நாற்பத்திரண்டு நாள். மகள் ஹர்ஷிணிக்குச் சங்கரன்கோவிலில் ஒரு நல்ல இடம் அமைந்து வந்தது. மனைவி சங்கரவடிவுக்கு நுரையீரல் இறுகிப்போய் இரண்டு வருஷமாக மூக்கில் குழாய், கட்டிலோரம் ஆக்சிஜன் மிஷின். குழாய் இல்லாமல் அரைமணி நேரம் தாங்குவாள். அதற்கு மேல் யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, டாக்டரும் கொடுக்கவில்லை.

"முதல் சுற்றுல எந்த ஏரியா போகுது?" என்று கேட்டார்.

எஸ்தர் பட்டியலைத் திரையில் விட்டாள். தலைப்பு 'நலமான வீடுகள்'. பேட்டரி நிறைந்திருக்கிற நலமான வீடுகளைத்தான் பங்காளி முதலில் பொறுக்கியிருந்தது. மனைவியின் மிஷினுக்காகவே ஆவுடையப்பன் வீட்டு பேட்டரி எப்போதும் நிறைந்திருக்கும். பட்டியலில் அவர் வீடு பதினேழாவது.

வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். ஹர்ஷிணி எடுத்தாள். அவள் கிசுகிசுத்ததிலேயே பாதி விளங்கிவிட்டது.

"அப்பா, அவுக வந்திருக்காவ."

"யாரு?"

"மாப்பிள்ளையோட அம்மாவும் சித்தியும். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தாவளாம், சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

"அம்மா எங்க?"

"ஹால்ல அவுககூட உக்காந்திருக்கா. குழாயக் கழத்தி வச்சிட்டா. மிஷின உள் ரூம்ல போட்டு மேல பட்டுச்சேல விரிச்சிருக்கு."

"கழத்தி எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"போன அம்மாகிட்ட குடு."

சங்கரவடிவு சிரித்த முகத்தோடு பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. வந்தவர்கள் எதிரில் இருக்கிறார்கள். "சொல்லுங்க. ஆமா, மதினிதான் வந்திருக்காவ. காபி குடிச்சிட்டு இருக்காவ."

"வடிவு, நல்லாக் கேளு. பதினொண்ணு நாப்பதுக்கு நம்ம வீட்டுக் கரண்டு போகுது. பேட்டரியையும் உறிஞ்சிரும். சொட்டு மிச்சம் இருக்காது. வாசலுக்குப் போயி பொத்தான அமுக்கச் சொல்லு, இப்பவே."

"அதுக்கென்ன, சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

"சாயங்காலமா? ஏட்டி, உனக்கு மூச்சு..."

"கெடக்கட்டும்ங்க." ஒரு நொடி மூச்சு வாங்கிக்கொண்டாள், அந்த நொடி அவருக்கு மட்டும் கேட்டது. "பிள்ள சோலி நடக்கட்டும். நான் வச்சிருதேன்."

வைத்துவிட்டாள். பாளையங்கோட்டைக்கு முப்பது கிலோமீட்டர். வெளியே மழை, அமைச்சருக்காகச் சாலையை மறித்தாகிவிட்டது. மணி பதினொன்று பதினைந்து. ஆவுடையப்பன் முனைவரின் அறைக்கு ஓடினார். ஐம்பத்தைந்து வயதில் அலுவலகத்துக்குள் ஓடுவது என்பது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற விஷயம். பார்த்தார்கள்.

முனைவர் விஜயபூபதி கண்ணாடி முன் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வெளி மின்சாரம் வாங்குகிற உத்தரவுக்கு அவர் விரல் ரேகைதான் சாவி. கடந்த முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்த விரலை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

"சார், ஒரு மணி நேரத்துக்கு வெளியிலேருந்து வாங்கிக்கிடுவோம். ஒரே ஒரு மணி நேரம்."

"மிஸ்டர் ஆவுடையப்பன், மணிக்கணக்கை விடுங்க. ஒரு யூனிட் வாங்கினாலே முந்நூத்தி அறுபத்தஞ்சு இல்ல. மேடைக்கு மேல எழுதியிருக்கு பாத்தீங்களா? அத அழிக்க பெயிண்டர் கூட ஊர்ல இல்ல."

"அப்ப அந்த மேடை ஏசியையாவது நிறுத்துங்க."

"அமைச்சர் வேர்த்துக்கிட்டு பசுமையைப் பத்திப் பேசுறதா?"

"நோயாளிங்க இருக்கிற வீடெல்லாம் கட் ஆவுது சார்!"

"எப்படி ஆகும்? நீல விளக்கு வீட்டைத்தான் பங்காளி தொடாதே. நீங்கதானே டிசைன் பண்ணீங்க?" முனைவர் மேசையிலிருந்து விழா மலரை எடுத்தார். வழவழ காகிதம், அட்டையில் சூரியனும் முனைவரும் ஒரே அளவில் சிரித்தார்கள். "பன்னிரண்டாம் பக்கம் பாருங்க. போன வருஷம் பதினோராயிரத்து இருநூறு உயிர்த்தேவை வீடு. இப்ப நாலாயிரத்து நூறு. புகையில்லாத மின்சாரத்தால் மக்களோட நுரையீரல் ஆரோக்கியம் அறுபது சதவீதம் கூடியிருக்கு. இத அமைச்சர் பேச்சுல சேத்திருக்கோம்."

படத்தில் ஒரு பச்சைக் கோடு சறுக்கு மரம்போல இறங்கியது. ஆவுடையப்பன் அதன் கீழே இருந்த மாதங்களைப் படித்தார். ஆனியில் விளக்குகள் குறைந்திருந்தன. ஆடியில் கொஞ்சம் ஏறின. ஆவணியில் விழுந்தன. புரட்டாசியில் ஏறின. ஐப்பசி, கார்த்திகை என்று முகூர்த்தம் நெருங்க நெருங்கச் சரிந்து கீழே போயின. நாலு மாவட்டத்தின் நுரையீரலும் பஞ்சாங்கம் பார்த்துக் குணமாகியிருந்தது.

ஏழாயிரம் வீடு. இத்தனை நாள் தன் வீடு ஒன்றுதான் திருட்டுத்தனம் செய்கிறது என்று அவர் நினைத்திருந்தார்.

"சார், இவங்க குணமாகல," என்றார். "ஒளிச்சு வச்சிருக்காங்க. நானும் ஒளிச்சு வச்சிருக்கேன். என் பொண்டாட்டி."

முனைவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க சொந்தப் பிரச்சினைக்காக டேட்டாவைச் சந்தேகப்படாதீங்க. போய்த் தண்ணி குடிங்க."

திரும்பி வந்தபோது எஸ்தர் அவர் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"என்ன சார் சொல்லுதீங்க? இந்த ஏழாயிரமும் நல்லாயிருச்சுன்னுல்லா நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனேன்!"

"எல்லாரும் போட்டோம்மா. மைக்க ஆன் பண்ணு."

எல்லா வீட்டு மீட்டரிலும் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. தினமும் காலையில் முனைவர் அதில் பசுமை உறுதிமொழி வாசிப்பார். மக்கள் அந்த நேரம் மிக்ஸியை ஓடவிட்டுக்கொள்வார்கள். மணி பதினொன்று முப்பத்தொன்று. ஆவுடையப்பன் மைக்குக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். நாற்பது லட்சம் வாசல்களிலும் ஒருவர் செருமினார்.

"கயத்தாறு மையத்திலேருந்து ஆவுடையப்பன் பேசுதேன். இன்னும் ஒன்பது நிமிஷத்துல ரொம்ப வீட்டுல கரண்டு போயிரும், பேட்டரியும் காலியாயிரும். மூச்சு மிஷின், டயாலிசிஸ் மிஷின் வச்சுக்கிட்டு விளக்க அணைச்சவங்க இருக்கீங்க. எனக்குத் தெரியும். நானும் அதத்தான் செஞ்சேன். என் வீட்டம்மாவுக்கு ஆக்சிஜன் மிஷின் ஓடணும். பொண்ணு கல்யாணத்துக்காக மறைச்சிட்டேன். தயவு செஞ்சு போயி அமுக்குங்க. யாரு பாத்தாலும் பாக்கட்டும். வடிவு, உனக்கும்தான் சொல்லுதேன்."

திரையின் மூலையில் நீல வீடுகளின் எண்ணிக்கை இருந்தது. நாலாயிரத்து நூறு. அது அசையவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. நாலு மாவட்டத்திலும் ஏழாயிரம் குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குக் கண்ணில் தெரிந்தது. பக்கத்து வீட்டு விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் இவர்களை எட்டிப் பார்ப்பார். முதலில் அமுக்க யாருக்கும் தைரியம் வராது.

"ஒண்ணு சார்," என்றாள் எஸ்தர். "விளாத்திகுளம்."

நாலாயிரத்து நூற்றொன்று. பிறகு ஐந்து, பிறகு நாற்பது. அதற்குப் பிறகு மடை உடைத்துக்கொண்டது. ஐயாயிரம். ஆறாயிரம். எஸ்தர் எண்களை வாய்விட்டுப் படித்தாள், படிக்கப் படிக்க அழுதாள். ஆவுடையப்பனின் கண் பாளையங்கோட்டையில் ஒரு புள்ளியை விட்டு நகரவில்லை. அந்தப் புள்ளி பச்சையாகவே இருந்தது. மணி பதினொன்று முப்பத்தேழு. வீட்டுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. முப்பத்தெட்டு. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. குழாயைக் கழற்றி முப்பத்தேழு நிமிஷம் ஆகிறது என்று அவர் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்பதுக்குப் புள்ளி நீலமானது.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்வதற்குள் நாற்பது ஆகிவிட்டது. திரையில் ஒரு பெரிய கை துடைத்ததுபோல ஊர் ஊராக இருண்டது. எந்தச் சத்தமும் இல்லை. மின்சாரம் போகும்போது அந்தக் காலத்தில் தெருவே 'ஓ' என்று கத்தும். இங்கே மூன்றாவது மாடியில் ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

நீல வீடுகள் எட்டாயிரத்து முந்நூறில் நின்றிருந்தன. எஸ்தர் அதைப் போன வருஷக் கணக்கிலிருந்து மனசுக்குள் கழித்துப் பார்த்தாள்.

ஹர்ஷிணி கூப்பிட்டாள். "அப்பா, அம்மா படுத்திருக்கா. குழாய் மாட்டியாச்சு. மூச்சு சீரா வந்துட்டு."

"நீயாம்மா அமுக்குன?"

"நான் ஓடப் போனேன், அம்மா என் கைய விடல. நகம் பதிஞ்சிட்டு. அவுகதாம்ப்பா. மாப்பிள்ளையோட அம்மா. உங்க சத்தம் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாவ. பொறவு காபிய வச்சிட்டு எந்திரிச்சு, வாசலுக்குப் போயி அமுக்கிட்டு வந்தாவ. 'நான் முப்பது வருஷம் நர்ஸ் வேல பாத்தவ மதினி, வந்ததுலேருந்து உங்க உதட்டத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்'ன்னாவ. குழாயையும் அவுகளேதான் மாட்டிவிட்டாவ."

"நல்ல மனுஷி," என்றார் ஆவுடையப்பன்.

"ஆமாப்பா. மாட்டிவிட்டுட்டு, செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டாவ. 'இது சரிப்பட்டு வராதும்மா, மனசுல வச்சுக்கிடாத'ன்னு எங்கிட்டச் சொன்னாவ. நல்லவிதமாத்தான் சொன்னாவ."

முனைவர் உள்ளே வந்தார். ஒலிபரப்பு விஷயமாகக் கத்துவதற்குத்தான் வந்திருந்தார். ஆனால் சுவர்த் திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. 'புகார்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

"பாத்தீங்களா? இத்தனை லட்சம் வீடு கட். ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல. மக்கள் பக்குவப்பட்டுட்டாங்க. நீங்க போட்ட கூச்சலுக்கு அப்புறம் பேசுறேன்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே போனார். சைரன் கேட்டது. பந்தலில் கைதட்டல் எழுந்தது.

"புகார் மீட்டர் வழியாத்தான வரணும்," என்றாள் எஸ்தர், மெதுவாக. "கரண்டு இல்லாத மீட்டர்லேருந்து எப்படி சார் வரும்?"

"பொத்தான்?"

"பொத்தானுக்குத் தனியா ஒரு செல் இருக்கு. இப்ப அமுக்குனாலும் அஞ்சு நிமிஷத்துல கரண்டு திரும்பிரும்."

போன வருஷம் விளக்கெரிந்து, இன்றைக்கு எரியாத வீடுகளை அவள் பிரித்தெடுத்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். பட்டியலின் மேலிருந்து அவரும் கீழிருந்து அவளும் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டார்கள். வானிலைத் திரையில் அந்த மேகச் சாக்கு இன்னும் இரண்டு நாளைக்கு நகர்வதாக இல்லை.

முதல் வீடு கோவில்பட்டி. ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, மின் மையத்திலேருந்து பேசுதேன். உங்க வீட்டுல மூச்சு மிஷின் யாருக்காவது ஓடுதா?"

"இங்கயா? அப்படில்லாம் ஒண்ணும் இல்லையே," என்றாள் அந்தப் பெண், உபசாரமான குரலில். "ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியமா இருக்கோம்."

அவளுக்குப் பின்னால், மூச்சு கொடுக்கிற ரப்பர் பையைக் கையால் அழுத்துகிற சத்தம் வந்தது. புஸ், புஸ் என்று. ஓர் ஆண் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு. அந்தக் குரலுக்குக் கை வலிப்பது இங்கேயே தெரிந்தது.

"அம்மா, எனக்குக் கேக்குது. கையால அழுத்தி எவ்வளவு நேரம் தாங்க முடியும்? வாசல்ல போயி அந்தப் பொத்தான அமுக்குங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

உள்ளங்கையால் போனைப் பொத்துகிற சத்தம். யாரோ யாரையோ அதட்டினார்கள். பிறகு அவள் திரும்பி வந்தாள். உபசாரமெல்லாம் போய், குரல் தணிந்திருந்தது.

"மறைக்காமச் சொல்லுங்க. நீங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுதான?"

ஆவுடையப்பன் இல்லை என்று சொல்வதற்குள், பின்னால் எண்ணிக்கொண்டிருந்த குரல் ஓர் இடத்தில் தடுமாறி நின்று, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.